நாலு வீட்டுக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு: எதைச் சமைத்து அனுப்புவது?

எங்கள் மாடிப்படியில் ராத்திரி ஏழே முக்காலுக்கு ஒரு போக்குவரத்து நடக்கும். ஒரு தூக்கு மேலே போகும், ஒரு ஹாட்பேக் கீழே இறங்கும், பின்னாலேயே சட்னிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் சின்னவள் படி படியாக இறங்குவாள். நாலு வீடு, 11 பேர். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதி, முதல் மாடியில் நாங்கள் நாலு பேர், இரண்டாவது மாடியில் லக்னோவிலிருந்து வந்த குடும்பம் மூன்று பேர், மூன்றாவது மாடியில் புதிதாகக் கல்யாணம் ஆன இரண்டு பேர். திங்கள் முதல் வியாழன் வரை ஆளுக்கு ஒரு நாள் சமைத்து எல்லா வீட்டுக்கும் அனுப்புவது, மற்ற மூன்று நாளும் அடுப்பைத் துடைத்துவிட்டு உட்காருவது. இதுதான் ஏற்பாடு. தொடங்கி எட்டு மாதம் ஆகிறது.

இதைக் கேள்விப்பட்டு அவரவர் குடியிருப்பில் ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என் முறை வரும்போது என்ன செய்யட்டும்?" என்றுதான். நானும் அப்படித்தான் யோசித்தேன். எனக்கு எது நன்றாக வருமோ அதைச் செய்வோம் என்று முடிவு பண்ணினேன். எனக்கு நன்றாக வருவது தோசை. தப்பு அங்கேதான் நடந்தது.

பாட்டி கொடுத்த இரும்புக் கல் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ஓரம் தானாகக் கிளம்பி வரும். முதல் முறையன்று முப்பது தோசைக்கு மேல் வார்த்து, வீட்டுக்கு ஒரு ஹாட்பேக்காக அடுக்கி அனுப்பினேன். மூன்றாவது மாடித் தம்பி வேலையிலிருந்து வர ஒன்பதே கால் ஆகும். அவர் மூடியைத் திறந்தபோது உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றதாம். தோசை ஒன்றோடொன்று ஒட்டி, பிழிந்து போட்ட துணி மாதிரி ஒரே கட்டியாக வந்ததாம். மறுநாள் படியில் பார்த்தபோது, "மாவு நல்லா புளிச்சிருந்துச்சுக்கா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு மரியாதையான பிள்ளை!

யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தோசையின் முறுகல் என்பது அதன் மேல்பரப்பிலிருந்து தண்ணீர் போய்விட்ட நிலை. மூடிய பாத்திரத்தில் அதன் ஆவியே மறுபடி அதன் தலையில் இறங்குகிறது. மூடாமல் வைத்தால் ஆறி, தோல் மாதிரி இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் வழி கிடையாது. கல்லிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து வாய்க்கு: தோசைக்குத் தெரிந்த பயணம் அவ்வளவுதான்.

அதற்கப்புறம் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். அடுப்பில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது இனி முக்கியமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, இன்னொருவர் வீட்டில், களைத்துப்போய் வந்த ஒருவர் மூடியைத் திறக்கும்போது எப்படி இருக்கும்? இந்த ஒன்றை வைத்து எங்கள் வழக்கமான ராத்திரிப் பலகாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

முதலிடத்துக்கு இட்லி வந்துவிட்டது. தோசைக்கும் இட்லிக்கும் அதே மாவுதான், ஆனால் இட்லி ஆவியிலேயே வெந்தது. ஈரம் அதற்குப் பகையில்லை. இட்லி அரிசி 4 டம்ளர், உளுந்து 1 டம்ளர், ஒரு ஸ்பூன் வெந்தயம். இது கிட்டத்தட்ட 50 இட்லிக்கு வரும். ஆளுக்கு நாலு என்று 44 போக மிச்சம் பிள்ளைகளுக்கு. என் கொப்பரையில் ஒரு ஈட்டுக்கு 16. ஆக மூன்று ஈடு. ஒவ்வொன்றும் வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மொத்தம் முக்கால் மணி ஆனாலும் அந்த நேரம் முழுக்க நான் அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை. பக்கத்தில் சாம்பாரைக் கொதிக்க விட்டுவிட்டுப் பெரியவனுக்குக் கணக்குச் சொல்லித்தரலாம்.

ஒரே நிபந்தனை, முந்தின நாளே முடிவு பண்ணியிருக்க வேண்டும். மாவைப் பொங்க வைப்பது உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணுயிர்கள். சென்னை மே மாதத்தில் அவை ஆறேழு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். மார்கழி ராத்திரியில் பன்னிரண்டு மணி நேரம்கூடப் போதாது. திங்கட்கிழமை முறைக்காரர் ஞாயிறன்று மறந்துபோனால் கதை முடிந்தது.

இட்லியோடு அனுப்பும் சட்னியில்தான் கவனம் வேண்டும். தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் ஒன்பதரை வரை தாங்காது. ஏழே முக்காலுக்கு வாசமாகப் போனது, ராத்திரி ஒரு மாதிரி வாடை அடிக்கும். அதனால் தக்காளியும் வெங்காயமும் சுருள வதக்கி அரைத்ததை அனுப்புகிறேன். மூன்றாவது மாடிக்கு அதுவும் இல்லை. இட்லியை ஆற விட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி அனுப்பிவிடுவேன். ராத்திரி ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போவோமே, அந்தக் கணக்கு. ஆற ஆறத்தான் அதற்கு ருசி. சாம்பாரை மட்டும் வழக்கத்தைவிட நீர்க்க இறக்க வேண்டும். பருப்பு நேரம் ஆக ஆக இறுகிவிடும்.

அடுத்தது சப்பாத்தி. இதைப் பற்றி எங்கள் மாடிப்படியில் நடந்த வாக்குவாதத்தை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். நம் ஊரில் "ராத்திரிக்குச் சப்பாத்தி" என்பது ஏறக்குறைய மருந்துச் சீட்டு ஆகிவிட்டது. ஐம்பது வயது தாண்டிய வீடுகளில் எட்டு மணிக்கு மேல் சோறு என்றாலே குற்றம் மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் 100 கிராம் கோதுமை மாவிலும் 100 கிராம் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 350 பக்கம். முழுக் கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. அதைவிடப் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றை யாரும் எண்ணுவதில்லை. மூன்றாவது சப்பாத்தியைக் கையில் எடுக்கும்போது மூன்று என்று தெரியும். இரண்டாவது கரண்டி சோற்றுக்கு அப்படி ஒரு மணி அடிப்பதில்லை.

சரி, உடம்புக்கு நல்லது என்றே வைத்துக்கொள்வோம். 11 பேருக்கு யார் தேய்ப்பது? ஆளுக்கு மூன்று என்றால் 33 சப்பாத்தி. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மாவு. தனியாளாக நான் ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். அன்று இடுப்பு சொன்னதை இங்கே எழுத முடியாது. வீட்டில் ஒருவர் தேய்க்க ஒருவர் கல்லில் போட என்று இரண்டு பேர் இருந்தால் முக்கால் மணி. இரண்டாவது மாடியில் அது ஒரு விஷயமே இல்லை. அந்த அம்மா பேசிக்கொண்டே தேய்ப்பார், கட்டைக்குக் கீழே மாவு தானாகச் சுற்றும். நான் அசந்து நின்றால், "பிறந்ததிலேர்ந்து இதான்க்கா" என்று சிரிப்பார். அவர்தான் எனக்கு இரண்டு விஷயம் கற்றுக்கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கைக்கு ஒட்டுகிற அளவுக்கு இளக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி ஊற விடுவது ஒன்று. சுட்ட சப்பாத்தியை நேராக ஹாட்பேக்கில் போடாமல், நெய் தொட்டு, பருத்தித் துணியில் சுற்றி, அப்புறம் உள்ளே வைப்பது மற்றொன்று. ஆவியைத் துணி குடித்துக்கொள்கிறது. தோசைக்கு நேர்ந்த கதி சப்பாத்திக்கு வராமல் காப்பது அந்தத் துணிதான்.

இரண்டு மணி நேரத்துக்கு இது போதும். மிச்சத்தை மறுநாளுக்கென்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெந்த மாவுச்சத்து இறுகுவது அந்தக் குளிர்ச்சியில்தான் வேகமாக நடக்கும், மறுநாள் அட்டையைக் கிழிப்பது போல இருக்கும். என் முடிவு: உங்கள் வீட்டில் தேய்க்க இரண்டு கை கூடுதலாக இருந்தால் சப்பாத்தியை எடுங்கள், இல்லையென்றால் அதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அதே வீட்டிலிருந்து வந்த ராஜ்மாதான் எட்டு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு. பயணத்துக்கென்றே பிறந்த சாப்பாடு. காலையில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், எட்டு மணி நேர ஊறல் அப்படியே கழிந்துவிடும். குக்கரில் குழைய வேகவைத்து, வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு மசாலாவில் கொதிக்க விட்டால் ஆயிற்று. ஏழரைக்கு இருப்பதைவிட ஒன்பதரைக்கு இன்னும் நன்றாக இருக்கும், மசாலா உள்ளே இறங்கிவிடுவதால். ஒரே எச்சரிக்கை: ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள ஒருவகைப் புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும். நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் அது அடங்கும். இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்காக வைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் இதை நேராகப் போடாதீர்கள். குக்கரில் போட்டு, விரலால் நசுக்கினால் மசிகிற பதம் வரும்வரை விசில் விட்டால் கவலை இல்லை.

வெண்பொங்கல்? ஏழரைக்கு இலையில் ஓடும், ஒன்பது மணிக்குச் செங்கல். பெறுபவர் கொதிநீர் ஊற்றிக் கிளறிக்கொள்ளத் தயார் என்றால் அனுப்பலாம். உப்புமாவை முறைச் சமையலாக யாரும் இதுவரை அனுப்பவில்லை, அனுப்பினால் உறவு என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கும் தைரியமும் எங்களில் யாருக்கும் இல்லை.

கலந்த சாத வகைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் 'சுலபம், ஒரே பாத்திரம்' என்று எல்லாரும் முதலில் தாவுவது இதற்குத்தான். சோறு வெந்த பிறகும் சாகாமல் பிழைத்திருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் ஒரு நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. "பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவங்கதானே நாம" என்று கீழ்வீட்டு ஐயா கேட்டார். அது ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது, அதன் கணக்கு வேறு. மூடிய டப்பாவில் இளஞ்சூட்டோடு கிடக்கும் தேங்காய்ச் சாதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கோடையில் தேங்காய்ச் சாதத்தையும் தயிர்ச் சாதத்தையும் எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

விதிவிலக்கு புளியோதரை. கட்டுச்சோறாக ஊர் ஊராகப் போய்ப் பழகியது அது. புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதைக் காக்கின்றன, பிசைந்து இரண்டு மணி ஊறிய பிறகுதான் சுவையே கூடுகிறது. அதிலும் நான் சாதத்தை அனுப்புவதில்லை. எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும் பதத்துக்குப் புளிக்காய்ச்சலை ஞாயிறன்றே செய்து, வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்பிவிடுவேன். சோற்றை அவரவர் வைத்துக்கொள்வார்கள். குக்கரில் சோறு வைப்பதை யாரும் வேலையாக எண்ணுவதில்லை.

இந்த இடத்தில்தான் 'சமைத்து அனுப்புவதா, பாதி அனுப்புவதா' என்ற கேள்வி வந்தது. அடையை வைத்து அதைச் சோதித்தேன். புழுங்கலரிசி 2 டம்ளர், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை டம்ளர், உளுந்து கால், காய்ந்த மிளகாய் எட்டு. மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்க வேண்டியதில்லை. மத்தியானம் முடிவு செய்து ராத்திரியே சாப்பிடக்கூடிய அரைத்த பலகாரம் இது என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை உருவிப் போட்டு, இந்த அளவைப்போல இரண்டு மடங்கு மாவாகவே நாலு வீட்டுக்கும் பிரித்தேன். கூடவே ஆளுக்கு ஒரு வெல்லக் கட்டி.

கீழ்வீட்டில் கொண்டாட்டம். அந்த அம்மா நடுவில் துளை போட்டு எண்ணெய் விட்டு, ஐயாவுக்குச் சுடச்சுட ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்களாம். மூன்றாவது மாடியில் மட்டும் மௌனம். மறுநாள் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மாவு குடுத்தா சமைச்சு குடுத்த மாதிரி ஆகுமா?" ஆகாதுதான். ஒன்பதே காலுக்கு வந்து கல்லைப் போட வேண்டுமென்றால் இந்த ஏற்பாடே அவர்களுக்கு எதற்கு?

அதனால் இப்போது என் முறையில் எல்லா வீட்டுக்கும் ஒன்றே போவதில்லை. வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இட்லி மாவு, நேரம் கழித்து வருபவர்களுக்குப் பொடி இட்லி. ஒரே மாவை இரண்டாகப் பிரிப்பதால் எனக்குக் கூடுதல் வேலை ஒன்றுமில்லை. எது செய்வது என்று குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கட்டடத்தில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார் என்று பாருங்கள், அவரை வைத்து முடிவு பண்ணுங்கள். மற்றவர்கள் தானாகச் சமாளித்துக்கொள்வார்கள்.

இந்த முறைச் சமையலுக்குப் பதிலாக, தினமும் ஒரு வீட்டில் குழம்பு, ஒரு வீட்டில் பொரியல், ஒரு வீட்டில் சோறு என்று பங்கிட்டுக்கொள்ளும் வழியையும் இரண்டு வாரம் பார்த்தோம். கேட்க நன்றாக இருந்தது. நடைமுறையில் நாலு அடுப்பும் எரிந்தன, ஒருவர் தாமதித்தால் எல்லாரும் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு நாள் மூன்று வீட்டிலிருந்தும் உருளைக்கிழங்கு வந்தது. விட்டுவிட்டோம்.

உப்பு விஷயம் ஒன்று. கீழ்வீட்டு ஐயாவுக்கு ரத்த அழுத்தம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஆரோக்கியமானவர்களே அதைத் தாண்டிவிடுகிறோம். எனவே பொதுப் பானையில் உப்பும் காரமும் அரைப்பங்கு குறைவாகவே போடுகிறோம். வேண்டியவர்களுக்கு ஊறுகாய் இருக்கவே இருக்கிறது. இதைச் சொன்னபோது என் அம்மா போனில் பதறியது வேறு காரணத்துக்கு. "விளக்கு வெச்சதுக்கப்புறம் உப்பு, தயிரெல்லாம் வெளிய குடுப்பாங்களாடி?" உப்பு போட்ட சாம்பார் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது சமைச்சது, பரவால்ல" என்றார்.

அமாவாசையன்று வெங்காயம், பூண்டு கிடையாது. இரண்டாவது மாடியில் சுத்த சைவம், அதனால் முறை நாட்களில் எல்லாருக்கும் சைவம்தான். கோழிக் குழம்பு வெள்ளிக்கிழமைக்கு அப்புறம், வேண்டிய வீட்டுக்கு மட்டும் ஒரு கிண்ணம். பாத்திரம் மாறிப்போவது பெரிய தொல்லையாக இருந்தது. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள் இல்லையா, அந்தப் பழைய தூக்குகளைப் பரணிலிருந்து இறக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று ஒவ்வொருவரும் ஒரு கைச் சர்க்கரையோ நாலு கற்பூரவல்லி இலையோ போட்டு அனுப்புவதால், எங்கள் வீட்டில் இப்போது சர்க்கரை வாங்குவதே குறைந்துவிட்டது.

வருகிற வியாழன் என் முறை. மூன்றாவது மாடித் தம்பி அன்று வீட்டிலிருந்தே வேலை, எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். தோசையை எதிலும் அடைத்து அனுப்ப முடியாதுதான், ஆனால் ஆட்களை வரச் சொல்லலாமே. 11 பேருக்கு 33 தோசை. ஒரே கல்லில் வார்த்தால் ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் முதலில் சாப்பிட்டவருக்கு மறுபடி பசித்துவிடும். கீழ்வீட்டில் இன்னொரு இரும்புக் கல் சும்மா கிடக்கிறதாம். கேட்டிருக்கிறேன்.